கடைமடை

வியாழன்தோறும் காகித அளவுகோல்.
வெர்லீன் எனோஸின் வலது பாதம்,
பெருவிரலுக்குக் கீழே.
போன வாரம் இரண்டு புள்ளி நான்கு.
இன்று இரண்டு புள்ளி மூன்று.

“பல்லிக்கு இதற்குள் முழு வாலே முளைத்திருக்கும்” என்கிறாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
பிரேக் மிதிக்கிற கால்.
ஏறியது மெஸ்கீட் முள்,
சீமைக் கருவேலத்துக்குப் பங்காளி.
செருப்பைத் துளைத்து உள்ளே போய்
மூன்று நாள் அவளோடு வேலைக்குப் போய் வந்தது.
நான்காம் நாள்
காலுறை கழற்ற வராதபோதுதான் தெரிந்தது.

வலி குரைக்கவில்லை.
அந்த நாய் தூங்கியும் போகவில்லை;
பதினோரு வருஷச் சர்க்கரை
அதன் தொண்டையை அரித்திருந்தது.

ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டாள்.
சொன்னேன்:
காவலுக்கு ஓடிவர வேண்டிய வெள்ளணுக்கள்
பாகில் விழுந்த எறும்பாய்
கால் இழுத்து இழுத்து வருகின்றன.
கிருமிகளுக்கு அதே பாகு கல்யாணப் பந்தி.
குழாய்கள் வழியெல்லாம் தூர்ந்திருக்கின்றன,
இதயம் மேலே இறைத்தாலும்
பாதம் வந்து சேர்வதற்குள்…

“வாய்க்கால் கதை” என்று இடைமறித்தாள்.
“எங்கள் நிலம் கடைசி மடையில்.
ஹீலாவை மேலே மறித்துக்கொண்டார்கள்.
கோதுமை நின்ற இடத்தில் மண் வெடித்தது.
அப்புறம் லாரியில் வந்தது
வெள்ளை மாவு, பன்றிக் கொழுப்பு,
மூட்டை மூட்டையாய்ச் சர்க்கரை.”
காலைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்,
ரசீதைக் காட்டுகிறவள் மாதிரி.

எனக்குப் பதில் இல்லை. கத்தி இருந்தது.
விளிம்பில் தடித்துச் செத்த தோலைச் சீவினேன்.
சீவச் சீவ வெளுப்பு, இன்னும் வெளுப்பு,
பிறகு
ஒரு பொட்டு ரத்தம்.

“நல்ல சேதி” என்றேன்.
“ரத்தம் வந்தால் நல்ல சேதி சொல்கிறவள்
நீ ஒருத்திதான்.”

உப்புநீரில் கழுவி, பஞ்சு வைத்து,
கட்டுப்போடும்போது கேட்டாள்:
“ஆறு வாரமா?”
கூடவும் ஆகலாம் என்றேன்.
சர்க்கரை இறங்கினால்.
அந்தக் காலை ஊன்றாமல் இருந்தால்.

சற்று நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னாள்:
போன வசந்தத்தில் பழைய படுகையில்
கொஞ்சம் தண்ணீர் விட்டார்களாம்.
பிள்ளைகளை இறக்கிவிட்டு
காலிப் பேருந்தைக் கரையில் நிறுத்திப் பார்த்திருக்கிறாள்.
முன்னால் அழுக்கு நுரை,
சருகு, ஒரு காகிதக் கோப்பை.
மணல் குடிக்கும், தண்ணீர் நிற்கும்,
மணல் நிறைந்ததும்
இன்னும் ஒரு சாண் நகரும்.
“நான் நடந்தே அதை முந்திவிட்டேன்.
திரும்பி நின்று காத்திருந்தேன்.”

வந்ததா என்று நான் கேட்கவில்லை.

தடித்த காலணியின் பட்டைகளை
அவளே இறுக்கிக்கொண்டாள்.
நான் தேதி போட்டு எழுதினேன்:
இரண்டு புள்ளி மூன்று.