உறையின் எடை

லியேபாயா துறைமுகத்தில்
ஸ்ப்ராட் மீன் நிறுக்கும் ஒன்பது தராசுகளும்
நான் எழுதியதைத்தான் கேட்கின்றன.
ஈரம் எவ்வளவு, பனிக்கட்டி எவ்வளவு,
பெட்டியின் கனத்தைக் கழித்தால்
மீன் எவ்வளவு.
நொடிக்குள் சொல்லிவிடும்.
எப்படிக் கணக்கிட்டது என்பதை மட்டும் சொல்லாது.

விற்பனை அப்படித்தான்.
சோறு பரிமாறுவேன்,
அடுக்களைக்குள் ஆள் விடமாட்டேன்.

அனுப்புவதற்கு முந்தைய இரவு
பெயர்களை அரைக்கும் கருவியில்
நிரலைக் கொட்டுவேன்.
'வடியும்_நீர்' அ1 ஆகும்.
'புயல்நாள்_கழிவு' அ2.
ஐனார்ஸ் கண்டுபிடித்த குறுக்குவழிக்கு
ஐனார்ஸ் என்றே பெயர் வைத்திருந்தேன்,
ஒரே மேசையில் இருவரும் தட்டச்சிய காலத்தில்.
அவன் அ3.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய்
என்று சிரிப்பான் அப்போது.
மறையாதுதான்.
தோண்டுகிறவனுக்குக் கை வலிக்கும்,
எனக்கு அது போதும் என்பேன்.
இப்போது பெர்கனில் இருக்கிறான்,
போட்டிக் கம்பெனியில்.
அவனுக்குத் தோண்டவே வேண்டாம்.

இந்த முறை
குளிர்கிடங்கு இயக்குநர் ஸ்குயின்ஷ்
ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்.
"கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் ஒற்றை ஆள்.
நாளைக்கே டிராம் மோதிவிட்டால்
என் தராசுகள் யாரைக் கேட்கும்?"

ஆகவே மூலநிரல் முழுவதும், அரைக்காமல்,
நோட்டரி விஸ்மாவின் இரும்புப் பெட்டிக்குப் போகும்.
நான் இறந்தால், திவாலானால்,
அவர் திறந்துகொள்ளலாம்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு காற்புள்ளிதான் போட்டிருந்தார்கள்.

கையெழுத்திட்டு வீட்டுக்கு வந்து
கோப்பைத் திறந்த பிறகே
குறிப்புகள் நினைவுக்கு வந்தன.

இரண்டு சாய்கோடு போட்டுவிட்டால்
அதன் பின்னே எதையும் சொல்லலாம்,
இயந்திரத்துக்குக் காது கேட்காது.
பதினான்கு வருடமாகச் சொல்லியிருக்கிறேன்.

// இது ஏன் வேலைசெய்கிறது என்று தெரியவில்லை. தொடாதே.

// அரைக் கிலோவை எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்கச் சொன்னார் ஸ்குயின்ஷ்.
// படகுக்காரர்கள் கவனிக்கமாட்டார்களாம். செய்யவில்லை.

// காலை 4.10. வெளியே பனி. கதவு சாத்தும் சத்தம்.
// ஐனார்ஸ் திரும்பி வரமாட்டான் என நினைக்கிறேன்.
// வரி 2210ஐப் பிறகு சரிபார்.

விடியும்வரை அழித்தேன்.
அழிக்க அழிக்க
நிரல் சம்பளத்துக்கு வேலைபார்க்கும் யாரோ ஒருவர்
எழுதியதுபோல் ஆகிக்கொண்டு வந்தது.

வரி 2210க்குப் போனேன்,
பதினோரு வருடம் கழித்து.
பிழை இல்லை.
இன்னொரு முறை பார்த்தேன்.
இல்லை.

ஸ்குயின்ஷ் பற்றியதை மட்டும்
விட்டுவைத்திருக்கிறேன்.
அதை அவர் படிக்கும் நாளில்
பதில் சொல்ல நான் இருக்கமாட்டேன்,
இருந்தாலும்
கையில் காசு இருக்காது, மரியாதை பார்க்க.

திங்கட்கிழமை
விரல்நீளக் கருவியொன்றை உறையிலிட்டு
அரக்கு முத்திரை வைத்தார் விஸ்மா.
பதிவேட்டில் எழுதவேண்டுமென்று
தபால் தராசில் வைத்து நிறுத்தார்.
நாற்பத்திரண்டு கிராம்.

உறையைக் கழித்தால் எவ்வளவு
என்று நாக்குநுனிவரை வந்தது,
தொழில் புத்தி.
கேட்காமல் ரசீதை வாங்கிக்கொண்டு
டிராமுக்கு இருபுறமும் பார்த்துத்
தெருவைக் கடந்தேன்.