தண்ணி இறங்க ஒரு வழி

பாப்பாங்குளம் விலக்கில்
மூணாவது தடவையாக நின்றது வண்டி.
ஐப்பசி இருபத்திரண்டு.
இருமல் இல்லை, விக்கல் இல்லை,
பேச்சின் நடுவில் போன் கட்டானதுபோல
அப்படியே.

பின்சீட்டில் நாற்பத்தெட்டாயிரம் பீடி.
அதற்குத் தார்ப்பாய், தார்ப்பாய்மேல் யூரியாச் சாக்கு,
சாக்குமேல் என் மழைக்கோட்டு.
நான் நனையலாம்.
நனைந்த பீடியைக் கம்பெனி கழித்துவிடும்,
கழிவு மைதீன்பாத்து கூலியில் விழும்,
அவள் என்னைத் திட்டமாட்டாள்,
அதுதான் சங்கடம்.

மேக்ஸ் ஹண்ட்ரட். தொண்ணூற்றெட்டு மாடல்.
கொழுந்தன் கொடுத்தது.
கொடுத்தான் என்றால்,
திருப்பூர் பஸ் ஏறும்போது விட்டுப்போனான்.
முப்பது உதை உதைத்தேன்.
சேலைக் கரை கிக்கரில் மாட்டி
அதுவும் கிழிந்தது.

விளக்கில்லாத இடத்தில்தான் அதைப் பார்த்தேன்.
பிளக்குக்குப் போகவேண்டிய தீ
ஈர ஒயரின் முதுகிலேயே
நீலப் பூரானாக நெளிந்து
இஞ்சினில் இறங்கிக் காணாமல்போனது.
ஒரு உதைக்கு ஒரு பூரான்.
கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்ப மறந்து
சும்மா உதைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சைடு மூடியைக் கழற்றினேன்.
சந்து சந்தாகக் களிம்பு,
புளி காணாத செப்புக்குடம் மாதிரி.
பழைய பல்துலக்கி, அரைக்கால் கிளாஸ் பெட்ரோல்.
தேய்த்துக் காயவைத்து
இணைகிற வாயிலெல்லாம் வாசலின் தடவினேன்.
சின்னவன் உதடு வெடித்ததற்கு வாங்கினது,
டப்பாவின் அடிவரை வழித்தாயிற்று.
பிளக் மூடிக்கு
சைக்கிள் டியூபில் நாலு விரல் நீளம் வெட்டி
உறைபோட்டு, மேலும் கீழும்
பீடி நூலால் கட்டினேன்.
‘அறுந்துரும்க்கா’ என்றான் மெக்கானிக் ஆசீர்.
எட்டுச் சுற்று சுற்றினால் அறாதுடே.
எங்கள் ஊர்
அந்த ரோஸ் நூலில்தான் தொங்குகிறது.

சிடிஐ பெட்டிக்குத்தான் அதிக கவனிப்பு.
பாலிதீன், டேப்பு, மறுபடி பாலிதீன், மறுபடி டேப்பு.
காற்றுகூடப் போகாது என்று
ஆசீரிடம் பெருமையடித்தேன்.

நாலாம் நாள்.
சுள்ளென்று வெயில்.
ரவணசமுத்திரம் ரயில்வே கேட்டருகே
நின்றுவிட்டது.
பிரித்தால் பாலிதீனுக்குள்
முத்து முத்தாகத் தண்ணி.
ஊரெல்லாம் வெறித்த பிறகும்
நான் கட்டிவைத்த பொட்டலத்துக்குள்
பெய்துகொண்டிருந்திருக்கிறது.

தள்ளிக்கொண்டுபோய் பொட்டல்புதூரில்
மைதீன்பாத்து வீட்டு வாசலில் நிறுத்தினேன்.
மடியில் சொளவு. விரல் நிற்கவில்லை.
நிமிராமலே சொன்னாள்:
‘நனைச்ச இலைய நாங்க வாய் இறுக்கிக் கட்டமாட்டோம்லா.
வேர்த்து, ராவோட ராவா பூத்துப்போவும்.
அடியில தொறந்து விடுங்க, கனியக்கா.
உள்ள வராமலா இருக்கும்?
வந்தது போவணும்லா.’
சொல்லிவிட்டு
இலை வெட்டுகிற கத்தரியை
காலால் என் பக்கம் தள்ளினாள்.

மேலே குடைபோல மடிப்பு,
கீழே சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.
ஒயரையும் நேராக விடாமல்
ஒரு தொங்கல் விட்டு வளைத்தேன்,
வழிகிற சொட்டு அங்கேயே உதிரட்டும் என்று.

கார்த்திகை பிறந்தது.
கடனாநதி தரைப்பாலத்தைத் தின்றுவிட்டிருந்தது.
ஆழ்வார்குறிச்சி சுற்றி, பனைகள் தெரியாத மழையில்
கண்ணிமையால் தண்ணியை வழித்துக்கொண்டே ஓட்டினேன்.
ஹாரன் அழுதது. இண்டிகேட்டர்
தன்னிஷ்டத்துக்கு மினுங்கியது.
இஞ்சின் மட்டும் டபடபவென்று,
கடன்காரன் கதவு தட்டுவதுபோல, விடவே இல்லை.

முக்கூடல் எல்லையில் நின்றது.
அடிவயிறு கலங்கிக் குனிந்தேன்.
நூல் இருக்கிறது. டியூப் இருக்கிறது.
ஓட்டையின் வாயில்
ஒரு சொட்டு, விழலாமா என்று யோசித்தபடி.

பெட்ரோல் இல்லை.

அந்தக் கொட்டுகிற மழையில்
நடுரோட்டில் தனியாகச் சிரித்தவளை
லாரிக்காரன் ஒருவன் பார்த்துப் பயந்திருக்கவேண்டும்.
கட்டு மண்ணில் படாமல் பிடித்துக்கொண்டு
வண்டியை இடப்பக்கம் சாய்த்தேன்.
டேங்கின் மறுமேட்டில் கிடந்த மிச்சம்
களக்கென்று இந்தப் பக்கம் வந்தது.

ரெண்டாவது உதை.