காந்தாரப் படி

ஏ.வி. பாலம் இறங்கினதும்
லாரி உதிரிபாகக் கடை, அதற்கு மேல் மாடி.
தபலாக்காரர் வந்த ரயில்
விஜயவாடாவிலேயே நின்றுபோனதாம்.
"அண்ணே, ஒரு ஒத்தாசை" என்று
ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டவர் சுரிந்தர்பால்.
என்னைவிட நல்ல மதுரைத் தமிழ்.

விடியுமுன் மிருதங்கத்தோடு படியேறினேன்.
கோயிலில் மேல்துண்டை இடுப்பில் கட்டுவேன்.
இங்கே தலையில் கட்டச் சொன்னார்கள்.
கை இடுப்புவரை போய்த் திரும்பியது.

பட்டுக்குள் நூல்.
எந்தப் பாட்டை எந்த ராகத்தில் என்று
உள்ளேயே தலைப்பு எழுதியிருக்கிறதாம்.
பண்ணைச் சொல்லிவிட்டுப் பதிகம் தொடங்கும்
தெற்குக் கோபுரத்து ஓதுவாரை நினைத்துக்கொண்டேன்.
சொல்லவில்லை.

வலந்தலையை அஞ்சரைக் கட்டைக்குத் தட்டி ஏற்றினேன்.
ரவை டப்பா வீட்டிலேயே.
தொப்பி தகரம் மாதிரி கத்தியது.
உள்ளே ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்த
லூதியானா-தூத்துக்குடி லாரி ஓட்டுநர்
ஒரு கிள்ளு மாவோடு வந்து
என்னைக் கேட்காமலே அப்பினார்,
தட்டினார், இன்னும் கொஞ்சம் அப்பினார்.
அவர் ஊர் மத்தளத்துக்குப் பெயர் ஜோடியாம்.
அதற்கும் இதே கோதுமைதானாம்.
தும் என்றது.

நிர்லேப் கௌர் பாட ஆரம்பித்தார்.
ராகம் ஆசா என்றார்கள்.
ச ரி ம ப த ச.
அட, ஆரபி!
பாஷை தெரியாத தெருவில்
நம் வீட்டு வாசல்.

இறங்கும்போதுதான் சிக்கல்.
ஆரபியில் காந்தாரம் நிலைப்படி;
தாண்டுவோம், மிதிக்கமாட்டோம்.
அவர் ச ரி க ச என்று
அதன்மேலேயே வந்து வந்து நின்றார்,
ஒரு அசைவு இல்லாமல்,
யாரையோ வழி பார்ப்பது போல.

பதினாறு எண்ணிக்கை. எனக்கு ஆதி ரெண்டு ஆவர்த்தனம்,
பிழைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.
ஒன்பதில் அவர் உள்ளங்கையை விரித்தார்:
இடக்கை சும்மா இருக்கட்டும்.
முப்பது வருஷமாய்ச் சும்மா இருக்காத கை.
இருந்தது.
அந்த இடைவெளியில் கீழே
திருப்புவனம் பஸ் திரும்பும் சத்தமும்
பருப்பு கொதிக்கும் சத்தமும்
தாளத்துக்குள்ளேயே கேட்டன.

தரையில் வரிசையாய் உட்கார்ந்து சாப்பிட்டோம்.
கவரை வேண்டாம் என்றேன்.
அரைக்கட்டு ரொட்டியாவது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.
வீட்டுக்கு வந்து தொப்பியைச் சுரண்டினேன்.
காய்ந்த கோதுமை, லேசாய் நெய் வாசம்.

போன வெள்ளி திருப்பரங்குன்றத்தில் கல்யாணக் கச்சேரி.
வித்வான் ஆரபியை எடுத்தார்.
காந்தாரம் வந்தது, வழக்கம்போல் தாண்டினார்.
என் இடக்கை மட்டும்
படியிலேயே நின்றுவிட்டது.
என்னய்யா என்பது போல்
திரும்பிப் பார்த்தார்.