இரண்டு முக்காற்புள்ளிகள்

கீழக்கரையில் எங்கள் கேபிள் ஆபீசுக்கு
வெளியே தெரிகிற எண்கள் மொத்தம் பதினாறு.
உள்ளே மூவாயிரத்துச் சொச்சம் வீடுகள்.
இருநூறு வீட்டுக்கு ஒரு சட்டை,
ஒரே நேரத்தில் எல்லாரும் மாட்டிக்கொண்டு
உலகத்துக்குப் போய்வருகிறார்கள்.

மாசியில் சைபர் போலீஸ் வந்தார்கள்.
கையில் ஒரு எண், ஒரு தேதி, இரவு மணி பத்து பதினாலு.
"இது யார் வீடு?"
சன்னலைத் திறந்து தெருவைக் காட்டினேன்.
"தெருவைக் கைது பண்ண முடியாதுய்யா" என்றார் ஏட்டு.

தபால்காரருக்கு இது பழகிய சங்கதி.
அடுத்தடுத்து ஐந்து சீனி முகம்மது இருக்கிற ஊர்,
கவரில் பட்டப்பெயர் இல்லாவிட்டால்
கடிதம் கடைத்தெருவோடு நின்றுவிடும்.
எங்கள் பெட்டியும் அப்படித்தான்:
வெளியே போகிறவர் முதுகில் ஒரு பட்டப்பெயர் எழுதும்,
திரும்பி வந்ததும் அழித்துவிடும்.
தானாக வெளியிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தால்
அதற்கு யாரையும் தெரியாது.

விசாரித்தவர் ஹாஜா நசீர், தம்மாமிலிருந்து.
விடுமுறையில் வந்து வாசலுக்குக் கேமரா மாட்டிப் போனார்,
மூன்று மாதமாகத் திரை கறுப்பு.
வியாழன்தோறும் போன்:
"என் வீடு எனக்கே திறக்க மாட்டேங்குதே."

புதிய முகவரி வந்து எத்தனையோ வருஷம்.
எங்களுக்கும் ஒதுக்கீடு இருந்தது,
சீராக வந்த பாத்திரம் போல, பிரிக்காமல் பரணில்.
ஒரு வீட்டுக்குக் கொடுப்பதை வைத்து
வாலிநோக்கத்து உப்பளத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் பேர் வைக்கலாம்.
வைத்த பிறகும் மிஞ்சும்.

மஹ்தூம் காக்கா கேட்டார்: "யார் கேட்டா?"
யாரும் கேட்கவில்லை.
"பழசோட பேசுமா?"
பேசாது.
"அப்ப ரெண்டையும் சேத்து ஓட்டணும். எத்தனை வருஷம்?"
அதற்குள் கரண்ட் வந்தது,
ஏசியைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கும் தயக்கம்தான், பொய் சொல்வானேன்.
பழைய எண்ணை போனில் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன்.
இது முப்பத்திரண்டு இடம், ஊடே இங்கிலீஷ் எழுத்து.
ஒன்று மட்டும் பிடித்திருந்தது:
வரிசையாகப் பூஜ்யம் வருகிற இடத்தில்
இரண்டு முக்காற்புள்ளி வைத்தால் போதும்,
அத்தனையையும் சொல்லாமல் தாண்டிவிடலாம்.
ஒரு முகவரியில் ஒரு தடவைதான் அனுமதி.

ஒரு வெள்ளிக்கிழமை, விடியற்காலை இரண்டு மணி.
யாரிடமும் சொல்லாமல் திறந்துவிட்டேன்.
திரையில் ஒரு பச்சைக் கோடு தரையோடு கிடந்து
மெல்ல முட்டி போட்டு எழுந்தது.
சுபுஹு பாங்குக்குள் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பக்கம்.
போன்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.
இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன,
நாங்கள்தான் வாய் திறக்கவில்லை.

காலையில் வந்த புகார் ஒன்றே ஒன்று:
இரண்டாம் தெருவில் சீரியல் சேனல் தெரியவில்லை.
அது வேறு கேபிள். எலி.

மதியம் ருக்கையா லாத்தா வீட்டுக்குப் போனேன்.
ஏணி போட்டுக் கேமராவைக் கழற்றிப் பார்த்தால்
மலிவுச் சரக்கு, பழைய எண் மட்டுமே படித்தது.
"தம்மாம்ல எப்பவோ வந்தாச்சு லாத்தா,
ராத்திரி உங்க வாசல் வரைக்கும் வந்தாச்சு.
இந்த ஒரு டப்பாதான் பாக்கி.
வேற மாட்டினா மச்சான் அங்கேருந்தே பாக்கலாம்."

படியோரம் ஒரு ஸ்கூட்டி,
சிவப்பில் எல் போர்டு,
இடது பக்கம் நீளமாக, புதுசாக ஒரு கீறல்.
லாத்தா முந்தானையால் அதைத் துடைத்தார்,
துடைத்தால் போகிற மாதிரி.

"அவசரமில்லை தம்பி" என்றார்.
"மெதுவா வரட்டும்."

சர்வீஸ் நோட்டில் தேதி எழுதினேன், வீட்டு எண் எழுதினேன்.
தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு
இரண்டு முக்காற்புள்ளி வைத்தேன்.