ஒரு தட்டு என்றால் நில்

பதினோரு வருஷம் இடப்பக்கம் உட்கார்ந்தவன்.
கிளீனர் உச்சிமாகாளி.
ஒரு தட்டு என்றால் நில்,
இரண்டு தட்டு என்றால் போ.
களக்காட்டு வாழைத்தார் மண்டியிலும்
கங்கைகொண்டான் சிப்காட் வாசலிலும்
என் உள்ளங்கை சொன்னதைக் கேட்டுத்தான்
அத்தனை சக்கரமும் பின்னால் வந்தன.
வா. ஒடி. நேராப் பிடி. போதும்.
இந்த நாலு வார்த்தையில்தான்
எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

இன்று வலப்பக்கம் இருக்கிறேன்.
பின்னால் யாரும் கிடையாது.

வள்ளியூருக்குத் தெற்கே ஒரு செம்மண் பொட்டல்.
சிவப்பும் வெள்ளையும் அடித்த எட்டு டிரம்,
நடுவே சுண்ணாம்புக் கோடு.
ஆனிக் காற்று கணவாய் வழியாக இறங்கி
கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகிறது.
பிரேக் இன்ஸ்பெக்டர் வேம்படியில்
கைக்குட்டையைத் தலையில் கட்டியிருக்கிறார்.
எனக்கு முன்னால் போன பணகுடி ஜெயசிங்
மூன்றாவது டிரம்மைச் சாய்த்துவிட்டு
தானே இறங்கி நிமிர்த்தி வைத்தான்,
விருந்துக்குப் போன வீட்டில்
தம்ளரைத் தட்டிவிட்டவன் மாதிரி.

போன மாதம் நானும் சாய்த்தேன்.
டிரெய்லருக்கு ஒரு குணம்:
ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால்
வால் வலது பக்கம் போகும்.
பின்னால் நின்று கத்துகிறவனுக்கு இது தெரியாது.
நான் சொன்னது வாலின் திசை.
அதைக் காதில் வாங்கி, மாற்றி, கையில் போட்டவர்
டிரைவர் பாக்கியதாஸ்.
பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட
நான் சொன்ன பக்கம் அவர் ஒடித்ததில்லை.
அது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

அன்று ராத்திரி
சோப்பு டப்பாவுக்குப் பின்னால் பீடிச் சுளவை வைத்து
நடுவில் ஒரு ஆணி குத்தி
தரையில் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
இலை வெட்டிக்கொண்டிருந்த பேச்சித்தாய்
கத்தரிக்கோலை நிறுத்தினாள்.
"ஏன் இப்படி முழிக்கீரு?
முதல்ல வேண்டாத பக்கம் ஒடியும்.
வால் திரும்பினதும்
அது போற போக்குல பின்னாலயே போயிரும்.
உம்ம அம்மைகிட்ட நான் காரியம் சாதிக்கது
அப்படித்தான்."
சுளவு பிய்ந்ததற்கு
நூற்றிருபது ரூபாய் என் கணக்கில் எழுதினாள்.

"உச்சிமாகாளி!"

வலது கண்ணாடியில் காற்றாலைகள்
இடம் வலம் மாறிச் சுற்றுகின்றன.
பார்க்கக் கூடாது.
டயருக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே ஒரு சாண்,
அதை மட்டும் பார்.
இடது.
வால் வலதுக்கு வருகிறது.
விடு. இப்போது துரத்து.
கிளச்சில் கால் நடுங்குகிறது.
நடுங்கட்டும், அது காலின் பாடு.

இடது கண்ணாடியில் இருந்த டிரம்மைக் காணோம்.

நிறுத்தினேன்.
ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன்.
"ஏன்யா இறங்குற?"
"பாக்க, சார்."
நான் இருந்தவரை எந்த டிரைவரும்
இறங்கிப் பார்த்ததில்லை.
அதற்குத்தான் என்னை வைத்திருந்தார்கள்.
ஆகவே கிளீனர் நடந்துபோய்ப் பார்த்தான்.
டிரம்முக்கும் இரும்புக்கும் நடுவே நாலு விரல்.
வண்டி நிழலில் ஒரு நாய், இப்போதுதான் வந்து படுத்தது.
"எந்திரிலே" என்றேன்.
எழுந்து, உடம்பை உதறி,
எட்டாவது டிரம்மில் காலைத் தூக்கிவிட்டுப் போயிற்று.

மறுபடி ஏறினேன்.
வா, வா என்று நானே முணுமுணுக்க
நானே வந்தேன்.
நேராப் பிடி.
பின் சக்கரம் கோட்டுக்குள் ஏறுகிறது,
போதுமா,
இன்னும் ஒரு முழம் கிடக்கிறதா,
எஞ்சின் இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.
அப்போது
எங்கோ பின்னால், பலகையில்
ஒரு தட்டு.

இன்ஸ்பெக்டர் கையோ,
காற்று புரட்டிய தார்ப்பாயோ.
கால் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை,
அழுத்திவிட்டது.