கல்லணைக்குக் கிழக்கே

சித்திரையில் ஆறு வெறும் மணலாகக் கிடந்தது.
கல்லணையில் தொடங்கினோம், நானும் செலஸ்டினும்.
லீவு லெட்டரில் முதுகுவலி என்று எழுதியிருந்தேன்.
மூன்றாம் நாள் அது உண்மையானது.

அவன் பதினோரு வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன்.
கரைக்கு விட்ட ஞாயிறுகளில் ரோமுக்கு வெளியே
அந்தப் பழைய சாலையில் நடந்திருக்கிறான்.
"கருங்கல் மச்சான். வண்டிச் சக்கரம் தேய்ச்ச பள்ளம்
கணுக்கால் ஆழம். ரெண்டு பக்கமும் கல்லறை.
நடுவுல ஒருத்தன் ஐஸ்கிரீம் விக்கிறான்."
சட்டைப்பையில் அந்தச் சாலையின் ஒரு சில்லு,
திருடியதுதான்.
புகாரில் கொண்டுபோய்ப் போடப் போகிறானாம்,
வந்துபோனவர்களின் கணக்கு நேராக.

கல்லணையோடு கல் முடிந்துவிடும் என்பதை
நான் அவனிடம் சொல்லவில்லை.
கிழக்கே போகப் போக வண்டல்,
வண்டலுக்குக் கீழே அதற்கு முந்திய வெள்ளத்து வண்டல்.
கோயில்கள்கூட வெளியூர்க் கல்தான்.
யவனர் நடந்த கரை என்று சொல்லிக்கொண்டே நடந்தோம்.
காலடியில் இருந்தது
போன அறுவடைக்கு வந்த டிராக்டரின் தடம்,
காய்ந்து, இறுகி,
கணுக்கால் ஆழம்.

கும்பகோணத்து லாட்ஜில் ஆதார் கேட்டார்கள்.
எங்கே போறீங்க என்றும் கேட்டார்கள்.
"கடலுக்கு."
"நடந்தா?"
அதன்பிறகு தண்ணீர் கேனுக்குக் காசு வாங்கவில்லை.

ஆறாம் நாள், குத்தாலம் தாண்டி,
வாய்க்கால் வெட்டும் நூறுநாள் வேலைக்காரர்கள்.
பூவரச நிழலில் ஒருத்தி உட்கார்ந்து
ஓர் ஓட்டால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
கறுப்பு ஓடு. மெல்லியது. உட்புறம் வளையம் வளையமாக
நெல்முனையால் குத்தினாற்போலப் புள்ளிகள்.
அதன் தங்கை ஒருத்தி மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறாள்.
யவனர் கொண்டுவந்தது என்று ஒரு கட்சி,
இங்கேயே சுட்டது என்று ஒரு கட்சி.
தையல்நாயகி மூன்றாம் கட்சி:
"பித்தவெடிப்புக்கு இதுமாதிரி எதுவும் வராது."

செலஸ்டின் ஷூவைக் கழற்றினான்.
கொப்புளங்களைப் பார்த்தாள்.
"கப்பல்ல நடக்கவே விடமாட்டாங்களோ?"

சில்லை நீட்டி ஓட்டைக் கேட்டான்.
கல்லை உள்ளங்கையில் எடை பார்த்தாள்,
எச்சில் தொட்டாள், அரிவாளை அதன்மேல்
இரண்டு இழுப்பு இழுத்தாள்.
"நல்ல கல்லு" என்று மடியில் கட்டிக்கொண்டாள்.
நான்கு வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தாள்.
ஓட்டைத் தரவில்லை.

எங்கள் தங்கமெல்லாம் கிழக்கே போகிறதென்று
அந்த ஊரில் அந்தக் காலத்திலேயே புலம்பினார்களாம்.
கணக்கு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது என்றேன்.
அவன் பிஞ்சைக் கடித்துக்கொண்டே,
கொஞ்சம் உப்பு இருந்தா நல்லாயிருக்கும் என்றான்.

கீழையூரில் ஒரு செங்கல் துறை
வேலிக்குள் இருந்தது.
படகு வர, பக்கத்தில் ஆறு இல்லை.
சுவரின் நிழலில் ஒரு குட்டியாடு படுத்திருந்தது,
நாங்கள் போட்டோ எடுக்கும்வரை எழவில்லை.

ஒன்பதாம் நாள் கடல்.
பார்க்க அங்கே எதுவும் நிற்கவில்லை,
தண்ணீரைத் தவிர.
பழக்கத்தில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.
பிறகு கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு
உடைந்த கொப்புளத்தோடு அலைக்குள் கால் வைத்தான்.
உப்பு எரிந்திருக்க வேண்டும்.
கெட்ட வார்த்தை ஒன்று சத்தமாகச் சொன்னான்,
இத்தாலிய மொழியில்.