இடக் கழுத்து, ஒரு கணு

படிவத்தில் இவ்வளவுதான்:
ஆண், முப்பத்து நான்கு, மீன் லாரி ஓட்டுபவர்.
காய்ச்சல் வரும், போகும்.
ஆறு மாதம் காசநோய் மாத்திரை. கட்டி கரையவில்லை.

லிலோங்வேயில் ஜனவரி.
தகரக் கூரையில் மழை இறங்கினால்
கத்தியின் சத்தம் எனக்கே கேட்காது.
மெழுகுக் கட்டியைப் பனிக்கட்டியில் குளிர வைத்து
மூன்று மைக்ரான் கனத்தில் சீவினேன்.
முதல் சீவல் சுருண்டது. அடுத்தது கிழிந்தது.
மூன்றாவது வெந்நீர்த் தொட்டியில்
ஒரு கவலையுமின்றி மிதந்தது.

கரும்புக்கு இருப்பதுபோல் நமக்கும் கணுக்கள்.
நிணநீர் சற்று நின்று
வந்திருப்பது யார் என்று விசாரித்துவிட்டுப் போகும் இடம்.
நல்ல கணுவில் நடுவே வெளிறிய வட்டம்,
சுற்றிலும் கருநீலக் கூட்டம்.

இவருடையதில் வட்டம் வற்றிவிட்டது.
கண்ணாடியாய் இறுகிய ஒரு ரத்தக்குழாய்
அதற்குள் குத்தி நிற்கிறது.
சுற்றிலும் செல்கள் அடுக்கடுக்காய், தோல் தோலாய்.
"வெங்காயம்," என்றார் டாக்டர் கம்வெண்டோ,
லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உரித்தால் ஒன்றுமிருக்காது என்பார்கள்.
இதில் இருந்தது.
அடுத்த சாயத்தில் வெளிப்பட்டது:
பெரிய செல்கள் சிலவற்றின் உட்கருவில்
பழுப்புப் புள்ளிகள், மூக்குப்பொடி சிந்தினாற்போல்.

வைரஸ்.
சின்ன வயதில் யாரோ எச்சிலில் கொடுத்திருக்கலாம்.
எத்தனையோ பேர் உடம்பில் சும்மா படுத்துக் கிடப்பதுதான்.
இவரிடம் எழுந்துவிட்டது.

அது கத்தி எடுப்பதில்லை.
ஆபத்து வந்தால் உடம்பு எழுதும் ஓலை ஒன்று உண்டு:
வாருங்கள், பெருகுங்கள், சூடேறுங்கள்.
அந்தக் கையெழுத்தைப் பழகிக்கொண்டு
இது தானே எழுதி அனுப்புகிறது.
பாவம், நம்புகிறார்கள்.
ஓடி வந்து குவிகிறார்கள்.
புதுப்புதுக் குழாய்கள் முளைக்கின்றன,
கணு வீங்குகிறது, இரவில் படுக்கை நனைகிறது.
எதிரியைத் தேடிக் களைத்துக்
காய்ச்சல் இறங்கும்போது
இன்னோர் ஓலை.

பதினோரு வருடமாகக் கழுத்துகளைச் சீவுகிறேன்.
ஆட்களைப் பார்த்ததில்லை, அது என் வேலையில் இல்லை.
அன்று மின்சாரம் போய்
ஜெனரேட்டருக்கு டீசல் வரும்வரை வெளியே நின்றேன்.
பெஞ்சில் ஒருவர், இடக் கழுத்தில் பிளாஸ்திரி.
மனைவி அவர் சட்டையின் பின்புறத்தைப்
பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.
மழையோ வேர்வையோ.
அவர் மேல் உசிபா வாசம், ஏரியில் பிடித்து
மணலில் உலர்த்தும் பொடி மீன்.

"லுசுங்கு, அசையாதே," என்றாள்.
பெயரை நான் கேட்டிருக்கவில்லை.

என் அங்கியைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்,
"என்னவென்று தெரிந்ததா?"
"டாக்டர் சொல்வார்."
"மருந்து இருக்கிறதா, அதற்கு?"
"இருக்கிறது," என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
அந்த வாரம் அலமாரியில் எத்தனை குப்பி என்று
எனக்குத் தெரியாது.

"தவோங்கா, கரண்ட் வந்தாச்சு!"
உள்ளே போனேன்.
தொட்டியில் வெந்நீர் ஆறியிருந்தது.
மெழுகில் இன்னும் பாதிக் கணு மிச்சம்.